தன்மீதே வழக்குத் தொடுத்த வைத்தியர்

கடந்த வருடம் செப்டெம்பர் மாதம். ஆசிரியர் தினத்திற்காகத் தரம் 8 பிள்ளைகள் சேர்த்து வைத்திருந்த பணம், கடித உறையோடு காணாமற்போனது. அந்த வகுப்புக்குப் பொறுப்பான மாணவத் தலைவி நான்தான்.

அந்த வகுப்பில் ஒரு தங்கச்சி இருந்தாள். பிந்தி வருவாள். பாடம் நடக்கும்போது பக்கத்துப் பிள்ளையோடு கதைப்பாள். ஏன் என்று கேட்டால் திருப்பி ஒரு கேள்வி கேட்பாள். குழப்படிக்காரி என்று ஊரே பெயர் வைத்துவிட்டது. எனது பதிவுக் கொப்பியில் அந்தத் தவணைக்குள் மட்டும் அவளது பெயர் 11 தடவை இருந்தது. ஆகவே நான் யாரையும் எதையும் விசாரிக்கவில்லை. நேரே அவளது மேசைக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் அவளது புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். கொப்பிகள், தண்ணீர்ப் போத்தல், பாதி கடித்த பணிஸ், மடித்து வைத்த தொழுகை உடுப்பு. பணம் இல்லை. இரண்டு பாடவேளை கழித்து அந்தக் கடித உறை வகுப்பு இடாப்பின் அட்டைக்குள்ளிருந்து வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று வைத்த பிள்ளை, வைத்த இடத்தை மறந்திருந்தாள்.

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பணம் கிடைத்துவிட்டது, விடயம் முடிந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் நிலத்தில் சிதறிய கொப்பிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உதவக்கூட நான் குனியவில்லை.

அதே வாரம் சர்வதேச சிறுவர் தினப் பேச்சுக்காகச் சிறுவர் உரிமைகள் பற்றி வாசிக்க நூலகத்துக்குப் போனேன். அங்கேதான் யானுஷ் கோர்ச்சாக் என்ற மனிதரை முதன்முதலாக அறிந்தேன். பேச்சுக்குத் தேவையான குறிப்புகளோடு நான் எழுந்து போயிருக்கலாம். ஆனால் அவரது வாழ்க்கையில் ஓர் இடத்தில் என் கை நின்றுவிட்டது. அந்த இடத்தைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை. அதற்கு முன் அவர் யார் என்பதைச் சொல்ல வேண்டும்.

போலந்தின் தலைநகர் வோர்சோ. அப்போது அது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. அங்கே வசதியான ஒரு யூதக் குடும்பத்தில், 1878 அல்லது 1879ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் திகதி ஒரு பிள்ளை பிறந்தது. பெயர் ஹென்ரிக் கோல்ட்ஷ்மிட். பிறப்பை உரிய காலத்தில் பதியாமல் தகப்பனார் விட்டுவிட்டதால், எந்த ஆண்டு என்பது அவருக்கே கடைசி வரை தெளிவாகவில்லை. தகப்பனார் சட்டத்தரணி. அவருக்கு மனநோய் கண்டது. குடும்பத்தின் சொத்து வைத்தியத்துக்கே கரைந்தது. 1896இல் அவர் காலமானார். பாடசாலை மாணவனாக இருந்த ஹென்ரிக், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைத் தாங்கினார்.

பிறகு வோர்சோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். 1898இல் ஓர் இலக்கியப் போட்டிக்கு எழுதும்போது யானுஷ் கோர்ச்சாக் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். உலகம் இன்று அவரை அறிவது அந்தப் பெயரால்தான். 1905இல் வைத்தியராகி, சிறுவர் மருத்துவமனையில் பணி செய்தார். நல்ல பெயரும் வருமானமும் வந்தன. ஆனால் குணமாகித் திரும்பும் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்புகிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. மருந்தால் ஆகக்கூடியது கொஞ்சம்தான் என்று அவருக்குத் தோன்றியது.

அவர் பிறவியிலேயே பொறுமைசாலி என்று நினைத்துவிடக் கூடாது. மாணவராக இருந்த காலத்தில், 1904ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், ஏழைச் சிறுவர்களின் முகாம் ஒன்றுக்குப் பொறுப்பாளராகப் போனார். பிள்ளைகள் தன்மீது அன்பாக இருப்பார்கள், சொன்னதைக் கேட்பார்கள் என்ற கனவோடு போனவருக்கு நடந்தது வேறு. இரவில் படுக்கை அறையில் ஒரே கூச்சல். பொறுமை இழந்து ஒரு பையனைப் பிடித்து இழுத்து மிரட்டினார். எந்தக் கொடுமையைத் தான் வெறுத்தாரோ, அதைத் தன் கையே செய்வதை அன்று பார்த்தார். பின்னர் தன் புத்தகத்தில் இதை மறைக்காமல் எழுதினார். பிள்ளைகளுக்கு உபதேசம் செய்வது வேறு, பிள்ளைகளோடு சேர்ந்து கதைப்பது வேறு என்பதை அந்த முகாம்கள்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்தன.

1912இல் வோர்சோவின் குரோக்மால்னா வீதி 92ஆம் இலக்கத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. நூறு பிள்ளைகள் வரை அங்கே இருந்தார்கள். கோர்ச்சாக் அதன் பொறுப்பாளரானார். அவரோடு தோளோடு தோள் நின்று அந்த இல்லத்தை நடத்தியவர் ஸ்டெபானியா வில்சின்ஸ்கா என்ற பெண்மணி. கோர்ச்சாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை மறந்துவிடுவதுண்டு. முதலாம் உலகப் போரில் கோர்ச்சாக் இராணுவ வைத்தியராக அழைக்கப்பட்டபோது, அத்தனை பிள்ளைகளையும் கட்டிக் காத்தவர் அவரே.

முதல் வருடம் படு மோசம். தெருவின் கஷ்டத்தில் வளர்ந்த பிள்ளைகள். பெரிய சுத்தமான வீடும் அதன் ஒழுங்குகளும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. சண்டை, களவு, பொய், ஒத்துழையாமை. பிரம்பை எடுப்பது மிகச் சுலபமான வழி. அந்தக் காலத்தில் அதில் தவறு காண்பவர்களும் குறைவு. கோர்ச்சாக் வேறு வழி தேடினார். பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதற்கு அல்ல, பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வீட்டை நடத்துவதற்கு.

அவர் செய்த காரியங்கள் சின்னச் சின்னவை. சுவரில் ஓர் அறிவித்தல் பலகை. முறைப்பாடோ கேள்வியோ எழுதிப் போட ஒரு கடிதப் பெட்டி. வாயால் கத்தினால் கோபம் கூடும். எழுத உட்கார்ந்தால் எழுதுகிற நேரத்திலேயே பாதி ஆறிவிடும். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு லாச்சி. கீழே கிடந்து எடுக்கும் பொருளை, அது ஒரு பொத்தானாக இருந்தாலும், உரியவர் வந்து கேட்கும்வரை வைக்க ஓர் இடம். பெரியவர்களுக்குக் குப்பையாகத் தெரிவது ஒரு பிள்ளைக்குச் சொத்து என்பதை அவர் மறக்கவில்லை. புதிதாக வரும் பிள்ளைக்கு, அங்கே ஏற்கனவே இருக்கும் ஒரு பிள்ளை பாதுகாவலர். பல சமயம், வந்த புதிதில் பெரும் குழப்படி செய்த பிள்ளையே பிறகு நல்ல பாதுகாவலராக மாறியது.

சண்டைக்காரப் பிள்ளைகளோடு அவர் பந்தயம் பிடிப்பார். இந்த வாரம் எத்தனை சண்டை என்று பிள்ளையே சொல்ல வேண்டும். இனிமேல் சண்டையே போட மாட்டேன் என்று ஒரு பிள்ளை உறுதி சொன்னால் அவர் அதை ஏற்பதில்லை. அது நடக்காது என்று அவருக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். போன வாரத்தைவிட ஒன்று குறைவாக என்றால் சரி. வென்றால் இனிப்பு. வென்றதா தோற்றதா என்பதைப் பிள்ளையே வந்து சொல்லும். அவர் வேறு யாரிடமும் விசாரிப்பதில்லை. தன் சொல்லை ஒருவர் அப்படியே நம்புகிறார் என்று தெரிந்த பிள்ளைக்குப் பொய் சொல்வது கஷ்டமாகிவிடும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது பிள்ளைகளின் நீதிமன்றம். கிழமைக்கு ஒருமுறை அது கூடும். அந்தக் கிழமை தன்மீது வழக்கு எதுவும் இல்லாத பிள்ளைகளிலிருந்து சீட்டுக் குலுக்கி ஐந்து நீதிபதிகளைத் தெரிவார்கள். பெரியவர் ஒருவர் செயலாளராக இருந்து எழுதுவார். தீர்ப்பில் அவருக்கு வாக்கு இல்லை. யாரும் யார்மீதும் வழக்குப் போடலாம். தள்ளிவிட்டான், பட்டப்பெயர் சொன்னாள், பென்சிலை எடுத்தான், எதுவானாலும்.

அதற்கென்று கோர்ச்சாக் ஒரு சட்டக்கோவை எழுதினார். அதன் அமைப்பைப் பார்த்து நான் அசந்துபோனேன். முதலாம் பிரிவிலிருந்து 99ஆம் பிரிவு வரை அத்தனையும் வழக்கைக் கைவிடுவதற்கும் மன்னிப்பதற்கும் உரியவை. தெரியாமல் செய்தால் மன்னிப்பு. முதல் தடவை என்றால் மன்னிப்பு. வருந்துகிறார் என்றால் மன்னிப்பு. கோபத்தில் செய்துவிட்டார் என்றால் மன்னிப்பு. மன்னிப்பதற்கு இத்தனை காரணங்கள் இருக்கின்றன, முதலில் அவற்றைத் தேடிப் பாருங்கள் என்று சட்டமே சொல்வது போல. 100இலிருந்துதான் கடுமை தொடங்கும். அங்கிருந்து நூறு நூறாகத் தாவி 1000 வரை. 200 என்றால் பிழையாக நடந்துகொண்டார். இன்னும் மேலே போனால் பெயர் பத்திரிகையில் வரும், அறிவித்தல் பலகையில் ஏறும். 1000 என்றால் இல்லத்தை விட்டுப் போக வேண்டும். ஆனால் அடியில்லை, பட்டினியில்லை, இருட்டறையில்லை.

மன்னித்துக்கொண்டே இருந்தால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா என்று எனக்கும் தோன்றியது. உங்களுக்கும் தோன்றலாம். அவருக்கும் அந்தக் கஷ்டம் வந்தது. ஆரம்பத்தில் பிள்ளைகள் எதற்கெடுத்தாலும் வழக்குப் போட்டார்கள். மன்னிப்புத்தானே என்று சிலர் நீதிமன்றத்தைக் கேலி செய்தார்கள். கோர்ச்சாக் மனமுடைந்து அதைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தார். பிறகு திருத்தங்களோடு மீண்டும் தொடங்கினார். அந்தத் திருத்தங்களில் ஒன்று, பிள்ளைகள் பெரியவர்கள்மீதும் வழக்குப் போடலாம் என்பது. பெரியவர்களுக்கு விதிவிலக்கு இருந்த சட்டத்தைப் பிள்ளைகள் எப்படி மதிப்பார்கள்? இங்கே மன்னிப்பு என்பது கண்டும் காணாமல் விடுவதல்ல. வழக்குப் பதியப்படும், இரு பக்கமும் கேட்கப்படும், நடந்தது என்னவென்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்படும். அதன் பிறகே மன்னிப்பு.

இனி, என் கை நின்றுபோன இடம்.

ஆறு மாத காலத்துக்குள் கோர்ச்சாக் தன்மீது தானே ஐந்து தடவை வழக்குப் பதிந்தார். ஒரு பையனின் காதில் அடித்தது ஒன்று. ஒரு பையனைப் படுக்கை அறையிலிருந்து வெளியே போட்டது ஒன்று. ஒரு பிள்ளையை மூலையில் நிற்க வைத்தது ஒன்று. ஒரு நீதிபதியை அவமதித்தது ஒன்று. ஐந்தாவது, ஒரு சிறுமி திருடிவிட்டதாகச் சந்தேகித்தது.

இந்த ஐந்தாவது வழக்கை நான் மூன்று முறை வாசித்தேன். நாடறிந்த வைத்தியர், புத்தகங்கள் எழுதியவர், இல்லத்தின் தலைவர். அவர் ஒரு சிறுமியைத் தவறாகச் சந்தேகித்ததற்காக, தன் பராமரிப்பில் இருக்கும் ஐந்து பிள்ளைகளின் முன்னால் பதில் சொல்ல நிற்கிறார். பிள்ளைகள் அவரையும் மன்னிப்புப் பிரிவுகளுக்குள்ளேயே தீர்த்தார்கள். ஆனால் அந்த வழக்குகளே தன்னை ஆசிரியராக்கின என்று அவர் பின்னர் எழுதினார். பிள்ளைகள்மீது அன்பு இருக்கிறது, அதனால் நான் அநியாயம் செய்ய மாட்டேன் என்று ஒருவர் சொல்வதை அவர் போதுமானதாக எடுக்கவில்லை. அன்புள்ளவருக்கும் கோபம் வரும், களைப்பு வரும், ஒரு பிள்ளையைப் பற்றி முன்கூட்டியே ஒரு முடிவும் வரும். அந்த நேரத்தில் பிள்ளையைக் காப்பாற்ற அன்பு வராது. கேள்வி கேட்க ஓர் இடம் இருந்தால் அதுதான் காப்பாற்றும்.

எனது கொப்பியில் 11 தடவை அவள் பெயர் இருந்தது. என் பெயரை எழுத ஒரு கொப்பி எங்கேயும் இருக்கவில்லை.

கோர்ச்சாக்கின் மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். 1919இலிருந்து மரியா ஃபல்ஸ்கா என்ற பெண்மணி நடத்திய, போலந்துத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கான இன்னோர் இல்லத்துக்கும் அவர் துணை நின்றார். சின்ன வயதில் அரசனாகி, பிள்ளைகளுக்குப் பாராளுமன்றம் வைத்துக் கொடுத்து, அதில் இடறி விழும் மாச்சியுஷ் என்ற பையனின் கதையை நாவலாக எழுதினார். 1926இல் பிள்ளைகளே எழுதும் வாரப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். 1929இல் பிள்ளையின் மதிப்புக்குரிய உரிமை பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். 1930களில் வானொலியில் கிழட்டு வைத்தியர் என்ற பெயரில் பேசினார். போலந்தின் வீடுகளில் பெரியவர்களும் பிள்ளைகளும் அந்தக் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

1939இல் ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் நுழைந்தன. 1940இல் வோர்சோவின் யூத மக்களை மதில் எழுப்பி ஒரு பகுதிக்குள் அடைத்தார்கள். இல்லமும் பிள்ளைகளும் அதற்குள் இடம்பெயர வேண்டியதாயிற்று. வயது அறுபதைத் தாண்டி, நோயும் வந்துவிட்ட கோர்ச்சாக், தினமும் கதவு கதவாகத் தட்டிப் பிள்ளைகளுக்கு உணவு கேட்டார். வெளியே இருந்த நண்பர்கள் அவரைத் தப்ப வைக்க ஆயத்தமாக இருந்தார்கள். பிள்ளைகளை விட்டு வர அவர் சம்மதிக்கவில்லை.

1942 ஜூலையில் அந்தப் பிள்ளைகள் ஒரு நாடகம் போட்டார்கள். அது தாகூரின் தபால் நிலையம் பற்றிய நாடகம். நமது நாட்டுக்கும் வந்துபோன அதே தாகூர். வீட்டை விட்டு வெளியே போக முடியாத ஒரு நோயாளிச் சிறுவன், யன்னலோரம் இருந்து போவோர் வருவோரோடு கதைத்தபடி அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை. மதிலுக்குள் அடைபட்ட பிள்ளைகளுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் படையினர் வந்தார்கள். ஏறத்தாழ 200 பிள்ளைகள் வரிசையாக வீதியில் நடந்தார்கள். கோர்ச்சாக் அவர்களோடு நடந்தார். ஸ்டெபானியாவும் ஏனைய ஊழியர்களும் நடந்தார்கள். ரயில் அவர்களைத் திரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுபோனது. யாரும் திரும்பவில்லை. இன்று அந்த இடத்தில் ஆயிரக்கணக்கான நினைவுக் கற்கள் நிற்கின்றன. தனி மனிதர் ஒருவரின் பெயர் பொறித்த கல் ஒன்றே ஒன்றுதான். அதில் கோர்ச்சாக்கின் பெயர் இருக்கிறது. கூடவே பிள்ளைகளும் என்று இருக்கிறது.

1978இல், சிறுவர் உரிமைகளுக்கென ஒரு சமவாயம் வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபையில் முன்மொழிந்த நாடு போலந்து. 1989இல் அது நிறைவேறியது. 1991இல் இலங்கையும் அதை ஏற்றுக்கொண்டது. சிறுவர் தினத்தன்று நான் மேடையில் பேசியது இதைப் பற்றித்தான். கைதட்டல் கிடைத்தது. மேடையை விட்டு இறங்கும்போது முன்வரிசைகளில் அந்தத் தங்கச்சியைக் கண்டேன். அவள் கைதட்டவில்லை.

மறுநாள் வகுப்பாசிரியையிடம் போய் நடந்ததை முழுதாகச் சொல்லி, தரம் 8இல் ஒரு பாடவேளை கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு அனுமதி தந்தார். பெயர்களைத் துண்டுகளில் எழுதி ஐந்து பிள்ளைகளைத் தெரிந்தோம். ஆசிரியை பின்வாங்கில் போய் அமர்ந்தார். நான் முன்னால் நின்று, பையைக் கொட்டியதையும், குனிந்து ஒரு கொப்பியைக்கூட எடுத்துக் கொடுக்காததையும் சொன்னேன். எந்த வகுப்பு முன்னால் அவளை அவமானப்படுத்தினேனோ, அந்த வகுப்பு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். என் கால் நடுங்கியது. தரம் 8 பிள்ளைகள் முன்னால் நடுங்குவேன் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஐவரும் மூலையில் கூடிக் கதைத்தார்கள். மன்னிக்கிறோம் என்றார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள். பதிவுக் கொப்பியில் பெயர், வகுப்பு, குற்றம் என்ற மூன்று நிரல்களோடு நான்காவதாக ஒரு நிரல் கீற வேண்டும்; அதில் பிடிபட்ட பிள்ளை தன் பக்கத்தைத் தானே எழுதும். கொப்பியின் கடைசிப் பக்கங்கள் மாணவத் தலைவிகளின் பெயர்களுக்கு. அதைப் பிள்ளைகள் எழுதலாம். அந்தத் தங்கச்சி அன்று என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. மன்னிக்கும்படி அவளை யாரும் வற்புறுத்தவும் இல்லை.

பெற்றோரே, இதை வாசிக்கும் உங்களிடமும் ஒன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். வீட்டில் நாங்கள் பிழை செய்தால் உம்மாவும் வாப்பாவும் கேட்பீர்கள். அது உங்கள் கடமை. நீங்கள் அவசரப்பட்டு எங்களைப் பிழையாக நினைத்துவிட்ட நாளில், அதை மரியாதையோடு எடுத்துச் சொல்ல எங்களுக்கு ஒரு வழி இருக்கிறதா? இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் ஒளிப்பது குறைவு என்பதை என் தோழிகளின் வீடுகளில் கண்டிருக்கிறேன்.

இரண்டு கிழமை கழித்து அந்தத் தங்கச்சி மீண்டும் பிந்தி வந்தாள். கொப்பியை நீட்டினேன். நான்காவது நிரலில் அவள் எழுதினாள்: காரணம் ஒன்றும் இல்லை, நித்திரையாகிவிட்டேன். 11 தடவை அவள் பெயரை நானே எழுதியபோது கிடைக்காத உண்மை அது. அவள் கொப்பியைத் திருப்பித் தரவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டி, முதல் பெயராக என் பெயரை எழுதினாள். நேற்றைய இடைவேளையில், சிற்றுண்டிச்சாலை வரிசையில் நின்ற ஒரு சின்னப் பிள்ளையை நான் கையால் விலக்கிவிட்டுப் போயிருந்தேன்.

பக்கத்தில் நான்காவது நிரல் எனக்காகக் காலியாக இருந்தது. பேனையையும் அவளே தந்தாள்.